அஜக்ஸில் ஒரு கோட்டையைக் கழுவிய கதை

சென்ற மாதம் ஒரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். என்ஜினியர். ரொறன்ரோவுக்குக் கிழக்கே அஜக்ஸில் வீதி அகலமாக்கும் வேலையில் இருக்கிறாள். வழியில் நிற்கும் கல் கட்டடம் ஒன்றைக் கழற்றிப் பக்கத்துக் காணிக்கு மாற்ற வேண்டுமாம்.

"அங்கிள், அந்தக் கோட்டையைக் கட்டினது நீங்கள்தானாமே?"

"நான்தான்," என்றேன். இன்னும் சிலரும் இருந்தார்கள் என்பதைப் பிறகு சொல்லலாம் என்று விட்டுவிட்டேன்.

"இங்கிலாந்திலயிருந்து வந்த பழைய வரைபடத்தோட ஒப்பிட்டுப் பாத்தனாங்கள். சில கல்லு படத்தில இருக்கிற இடத்தில இல்லை. கீறின மனிசி பிழை விட்டிட்டா போல. அப்பிடியே அறிக்கையில எழுதட்டோ?"

"எழுதாதை பிள்ளை. அந்த மனிசி பிழை விடேல்லை. விட்டது நான்."

என்னைத் திரும்ப ஒருதரம் சொல்லச் சொன்னாள். தான் பிழைவிட்டதாகச் சொல்லும் கொன்ராக்டரை அவள் அதற்கு முன் சந்தித்திருக்க மாட்டாள்.

"அப்ப நடந்ததை எழுதித் தாங்கோ அங்கிள். அறிக்கையோட சேத்து வைக்கிறன்."

எழுதுவதற்கு எனக்கென்ன? ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு விடுதலை கொடுத்தவன் நான். இருந்தாலும் தமிழ் எழுதுவேன், வாசிப்பேன். ஆங்கிலம் பேசுவேன், அதுவும் எதிரே நிற்பவருக்கு அவசரம் இல்லாவிட்டால்.

பதினொரு வயதில் மேசன்மாருக்குச் சாந்து சுமக்கப் போனேன். பதினெட்டு வயதில் தனியாகக் கிணறு கட்டினேன். நான் கட்டிய கிணறுகளில் ஆட்கள் விழுந்திருக்கிறார்கள். கிணறு ஒன்றும் விழவில்லை. ரொறன்ரோவுக்கு வந்து முதல் மாரியில் உணவகத்தில் கோப்பை கழுவினேன், அடுத்த மாரியில் பனி அள்ளினேன், மூன்றாம் வருடம் ஓர் இத்தாலியக் கொம்பனியில் கல் வேலைக்குச் சேர்ந்தேன். ஐந்தே வருடத்தில், ஸ்காபரோவில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் கட்டியவன் எந்தக் கைக்காரன் என்று சொல்லுகிற அளவுக்கு வந்துவிட்டேன். இன்றைய பிள்ளைகள் கல் சுவர் என்றால் பிஸ்கட் தடிப்பில் அறுத்த கல்லுக்குப் பின்னால் பசை பூசி ஒட்டுகிறார்கள். முத்திரை ஒட்டுவதற்கும் அதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்டால் கோபம் வருகிறது.

எங்கள் மேற்பார்வையாளரின் பெயர் றொக்கோ. குட்டையான மனிதர், தென் இத்தாலியில் பிறந்தவர். சத்தம் போட்டு நான் கண்டதே இல்லை. பின்னேரங்களில் நாங்கள் கட்டிய சுவரருகே வந்து, சிறிய சுத்தியலால் மூன்று இடத்தில் தட்டி, காதைச் சாய்த்துக் கேட்பார். நல்ல சுவர் என்றால் ஒன்றும் சொல்லாமல் போவார். சுவர் பிடிக்காவிட்டால் சப்பாத்தால் மெதுவாக ஓர் உந்து உந்துவார். அது விழும். அதற்கும் ஒன்றும் சொல்லாமல் போவார். மத்தியானம் சரியாகப் பன்னிரண்டு மணிக்கு ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் துணி விரித்து, பீங்கான் கோப்பையில் சாப்பிடுவார். பிரதமரே வந்தாலும் பன்னிரண்டரைக்குத்தான் எழும்புவார்.

ஆளை வேலையிலிருந்து நிறுத்துவதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. அந்த ஆளின் மேசன் கரண்டியை வாங்கி, தன் கையாலேயே கழுவி, துணியால் துடைத்து, பிடி முன்னால் இருக்கத் திருப்பிக் கொடுப்பார். அவ்வளவுதான். அந்த ஆள் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். ஆகையால் எங்களில் எவரும் கரண்டியைக் கழுவாமல் றொக்கோவின் கண்ணில் படவிட மாட்டோம்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு வசந்தகாலத்தில் எங்களை அஜக்ஸுக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு பணக்காரர் சோளக்காணிகளை வாங்கி இருநூறு வீடு கட்டிக்கொண்டிருந்தார். எல்லா வீடும் ஒரே அச்சு. வீடு வாங்க வருகிறவர்கள் வாசலிலேயே வாய் பிளக்க வேண்டும் என்பதற்காக நுழைவாயிலில் ஒரு கோட்டை வேண்டுமாம். அதுவும் புதுக் கோட்டை கூடாது, நிஜமான பழைய கோட்டை. நாங்கள் அவருக்குக் 'கோட்டைக்காரன்' என்று பெயர் வைத்தோம்.

கோட்டை என்றால் அரண்மனை அல்ல, காவல்கோபுரம். முன்னொரு காலத்தில் இங்கிலாந்தின் வடக்கு எல்லையில் அந்தப் பக்கத்தாரும் இந்தப் பக்கத்தாரும் பரம்பரை பரம்பரையாக ஒருவர் மாட்டை ஒருவர் களவெடுத்து வாழ்ந்திருக்கிறார்கள். அதனால் வசதி உள்ளவன் வீட்டுக்குப் பதில் கோபுரம் கட்டினான். சுவர் ஓர் ஆள் நீட்டி நிமிர்ந்து படுக்கும் தடிப்பு. கீழே கல்லால் வளைத்த கூரையோடு சன்னல் இல்லாத ஓர் அறை, அது மாட்டுக்கு. மேலே மனிதர். கள்ளர் வந்தால் மாட்டைக் கீழே அடைத்து, ஏணியை மேலே இழுத்துக்கொள்வது. ஸ்காபரோவில் பேஸ்மன்ற் என்ற நிலக்கீழ் அறைகளில் வாடகைக்கு இருந்த எங்களுக்கு இந்த ஏற்பாட்டை யாரும் விளங்கப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

கோட்டைக்காரன் பிடித்த கோபுரம் இங்கிலாந்திலேயே இல்லாமல்போன கோபுரம். கள்ளர் ஓய்ந்த பிறகு ஊரவர்கள் அதை இடித்து, கல்லைக் கொண்டுபோய்த் தங்கள் தங்கள் களஞ்சியத்துக்கும் பன்றிக்கொட்டிலுக்கும் வேலிச் சுவருக்கும் வைத்துவிட்டார்கள். கோபுரம் நின்ற இடத்தில் செம்மறி மேய்ந்துகொண்டிருந்தது. ஊரில் இருந்த ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியைதான் யாரோ எப்போதோ கீறிய பழைய படம் ஒன்றை வைத்துக்கொண்டு, முப்பது வருடமாகப் பன்றிக்கொட்டில் பன்றிக்கொட்டிலாக ஏறி இறங்கி, எந்தக் கல் கோபுரத்தில் எங்கே இருந்தது என்று கண்டுபிடித்தவர். மாட்டறைக்கு உரிய அறுநூறு கல் மட்டும் அகப்பட்டது. பழசாகிப்போன அந்தக் கொட்டில்களை இடிக்க வேண்டிவந்தபோது, கல்லாவது ஒன்றாக இருக்கட்டும் என்று அவர் ஒவ்வொன்றுக்கும் எண் எழுதி, கோட்டைக்காரனுக்கு விற்கச் சம்மதித்தார். அந்தக் கோபுரக்காரர் தன் முப்பாட்டன்மார் என்பது கோட்டைக்காரனின் எண்ணம்.

தடித்த பொலித்தீன் சுற்றிய நாற்பது மரத்தட்டுகளில் கல் வந்து வேலியோரம் வரிசையாக இறங்கியது. கூடவே ஒரு பச்சைக் கோப்பும் வந்தது, வரைபடங்களும் நிறைய ஆங்கிலமுமாக. கோட்டைக்காரன் அதை றொக்கோவிடம் கொடுத்தான். றொக்கோ மொன்றியலில் ஒரு கல்யாணத்துக்கு நான்கு நாள் போக இருந்தார். கோப்பை என் கையில் தந்தார்.

"இதை வாசி. பிறகு வேலையைத் தொடங்கு."

எத்தனையோ பேர் இருக்க ஏன் என்னிடம் தந்தார்? யாழ்ப்பாணத்தில் வெள்ளைக்காரர் நடத்திய மிஷன் பள்ளிக்கூடத்து ஆள் நான் என்று ஒரு மத்தியானச் சாப்பாட்டின்போது எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தேன். அது முழுப் பொய்யும் அல்ல. அந்தப் பள்ளிக்கூடத்து மதிலுக்குக் கல் வைத்தவன் நான். கோப்பை அவர் முன்னாலேயே புரட்டினேன். ஒரு பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தால் வாசித்தது போலிருக்கும் என்பது எனக்கு அத்துப்படி. இரண்டு இடத்தில் தலையாட்டினேன். ஓரிடத்தில் புருவத்தைச் சுருக்கினேன். "எல்லாம் விளங்குது," என்றேன்.

என்னோடு வேலை செய்தவன் அருளப்பு. மன்னார்க்காரன், கத்தோலிக்கன், கடல் தொழில் செய்தவன். அதிகம் பேசமாட்டான். மனைவியும் இரண்டு பெண் பிள்ளைகளும் இராமேசுவரத்துப் பக்கம் அகதி முகாமில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிட விண்ணப்பம் போட்டு, ஒக்டோபரில் அவனுக்கு இங்கே இன்டர்வியூ வைத்திருந்தார்கள். நிரந்தர வேலை இருக்கிறது என்ற கடிதம் கொண்டுவர வேண்டும் என்று தாள் வந்திருந்தது. அந்தத் தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கல் தூக்குவான்.

றொக்கோ போன மறுநாள் கல்லைக் கிட்டப்போய்ப் பார்த்தேன். பாசி, சேறு, நூறு வருடத்துப் பன்றிச் சாணம். எங்கள் ஊரில் கல் வைக்க முன் கல்லுக்குத் தண்ணீர் காட்டுவோம். காய்ந்த கல் சாந்தின் ஈரத்தைக் குடித்துவிடும், பிடிப்பு வராது. கனடாவில் சீமெந்துக் கல்லோடு மாரடிக்கிறவர்களுக்கு இது தெரியாது. நிஜக் கல் வந்திருக்கிறது, நிஜ வேலை எப்படி என்று இவர்களுக்குக் காட்டுவோம் என்று நினைத்தேன்.

"அருளப்பு, கல்லுக்கெல்லாம் தண்ணி காட்டு."

"எவ்வளவு அண்ணை?"

"பண்டி மணம் போகுமட்டும்."

அவன் ஒரு கல்லைப் புரட்டினான். "பின்பக்கத்தில மஞ்சளா நம்பர் கிடக்கு."

"கப்பல்காரர் எழுதினது. அவங்களுக்கு வேற வேலையில்லை."

"எல்லாத்திலயும் கிடக்கண்ணை."

"எங்கட சூட்கேசுக்கும்தான் எயாப்போட்டில நம்பர் ஒட்டினவங்கள். நீ அதைப் பிய்ச்செறியாமல் கும்பிட்டுக்கொண்டோ இருக்கிறாய்?"

அவன் சிரித்தான். பிறகு அழுத்தத் தண்ணீர் அடிக்கும் மெஷினை எடுத்து இரண்டரை நாள் கழுவினான். அருளப்பு ஒரு வேலையை அரைகுறையாகச் செய்யமாட்டான் என்பதுதான் அவனிடம் இருந்த பெரிய குறை. மூலை முடுக்கெல்லாம் தூரிகையால் தேய்த்தான். மூன்றாம் நாள் கல் பொன்னிறமாகப் பளபளத்தது. நான் சுற்றிவந்து பார்த்து, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

றொக்கோ திரும்பி வந்தார். வேலியோரம் போனார். ஒரு கல்லைப் புரட்டினார். இன்னொன்று. அடுத்த தட்டு. பத்தாவது தட்டோடு நிறுத்தினார்.

"எண்கள் எங்கே?"

குனிந்து ஒரு தட்டின் ஈரத்தைத் தொட்டுப் பார்த்தார்.

"யார் கழுவினது?"

"நான்," என்றான் அருளப்பு.

நான் அப்போது ஒரு கயிற்றை மிக மும்முரமாகச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அந்தக் கயிறு ஏற்கெனவே சுருட்டிய கயிறு.

றொக்கோ அருளப்புவின் கரண்டியை வாங்கினார். குழாயடிக்குப் போனார். கழுவினார், துடைத்தார், பிடி முன்னால் இருக்கக் கொடுத்தார்.

பின்னேரம் வழமை போல் என் வான் வண்டியில்தான் இருவரும் திரும்பினோம். அடுத்த ஊரான பிக்கரிங்கைத் தாண்டியதும் நான் கேட்டேன்:

"நான்தான் சொன்னனானெண்டு ஏன் சொல்லேல்லை?"

"ஆர் கழுவினதெண்டுதானே அண்ணை கேட்டவர். ஆர் சொன்னதெண்டு கேக்கேல்லை."

"வேற வேலை பாக்கலாம்."

"பாக்கலாம். புது இடத்தில மூண்டு மாசம் போகாமல் கடிதம் குடுக்க மாட்டாங்கள். ஒக்டோபர் போயிடும்." சட்டைப் பையை ஒருதரம் தொட்டுப் பார்த்தான். மார்க்கம் வீதியில் தன் கட்டடத்தடியில் இறங்கும்போது கதவைப் பிடித்தபடி சொன்னான்: "எண்டாலும் அண்ணை, கல்லு நல்ல வடிவா வந்தது."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பாராட்டிவிட்டுப் போனான்.

அடுத்த நாள் காலை மற்றவர்கள் வர முன் றொக்கோவிடம் போனேன். நாங்கள் இரண்டு பேரும் பேசும் ஆங்கிலத்தை ஆங்கிலேயர் கேட்டால் மறுப்பறிக்கை விடுவார்கள். ஆகவே தமிழில் தருகிறேன்.

"கழுவச் சொன்னது நான்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "கோப்பில் என்ன எழுதியிருந்தது?"

"தெரியாது. வாசிக்கவில்லை."

"ஏன்?"

"எனக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது."

"மிஷன் பள்ளிக்கூடம்?"

"அதன் மதிலைக் கட்டினேன்."

றொக்கோ வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்தார். மணி ஏழரைதான். நிலைமை அவ்வளவு மோசம்.

"நான் மூன்று வருடம் பள்ளிக்கூடம் போனேன்," என்றார். "வரைபடம் வாசிப்பேன். என் மொழியை மெதுவாக வாசிப்பேன். இதை வாசிக்க மாட்டேன். அதனால்தான் உன்னிடம் தந்தேன்."

கோட்டைக்காரன் பல்கலைக்கழகம் போனவன். அவனுக்கு வாசிக்கத் தெரியும், ஆனால் வாசிக்கவில்லை. இப்படி அந்தக் கோப்பு கடல் தாண்டி வந்து, மூன்று ஆம்பிளைகளின் கைமாறி, ஒருவராலும் வாசிக்கப்படாமல் தன் பயணத்தை முடித்திருந்தது.

பத்து மணிக்குக் கோப்பி விற்கும் வண்டிக்காரி வந்தாள். அவளிடம் நீட்டினோம். சிகரெட்டைக் கடைவாயில் தள்ளிவிட்டு முதல் பக்கத்தை வாசித்தாள். தடித்த எழுத்திலேயே இருந்ததாம்: பழைய கல்லில் அழியாத மை படக்கூடாது, ஆகவே தண்ணீரில் கரையும் மையால் எழுதியிருக்கிறது. கல்லை வைத்து முடியும்வரை ஒரு துளி தண்ணீரும் படக்கூடாது. "நீங்கள் நனைக்கவில்லைத்தானே?" என்று கேட்டாள். கடைசிப் பக்கத்துக்கு வர முன் அவளுக்கு அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது. போகும்போது, செப்டெம்பரில் அந்த ஆசிரியை நேரில் பார்க்க வருகிறாராம் என்பதையும் வாசித்துவிட்டுப் போனாள்.

அருளப்புவைத் திரும்பக் கூப்பிட்டோம். ஆனால் ஆளை நிறுத்தியாயிற்று என்று றொக்கோ முதல் நாளே அலுவலகத்துக்குச் சொல்லிவிட்டார். கோடை முடியுமட்டும் புதிதாக ஒருவரையும் பதிய முடியாது என்று அங்கே கையை விரித்துவிட்டார்கள். றொக்கோ தன் சட்டைப் பையிலிருந்து அவனுக்குச் சம்பளம் கொடுத்தார். வேலை இருந்தது, கடிதம் இல்லை.

வேலி ஓரம் நின்று றொக்கோ கேட்டார்: "நாற்பது தட்டும் கலந்துவிட்டதா?"

"ஏன் கலக்குது?" என்றான் அருளப்பு. "எந்தத் தட்டில எடுத்தனோ அதிலதான் திருப்பி வைச்சனான். தட்டும் வந்த வரிசையிலதான் நிக்குது. வலையை எடுத்த ஒழுங்கில மடிக்காட்டிச் சிக்கிப்போகுமெல்லே."

நான் அவனைக் கட்டிப்பிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் ஆம்பிளைகள் அப்படிச் செய்வதில்லை. ஆனால் நினைத்தேன்.

தட்டுகள் எண் வரிசையில் வந்திருந்தன. ஆகவே முதல் தட்டில் முதல் பதினைந்து கல், அடுத்ததில் அடுத்த பதினைந்து. தட்டுக்குள் எது எங்கே என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இங்கேதான் நான் வருகிறேன். ஒரு வரியில் இருக்கும் கல்லெல்லாம் ஒரே உயரமாக இருக்கும் என்பதால் ஒரு தடியில் கோடு வெட்டி, உயரம் பார்த்துப் பிரித்தேன். மழை தின்ற முகம் வெளிப்பக்கம், கூர் கெடாத முகம் உள்பக்கம். உளிக்கோடு வலப்பக்கம் சாய்ந்தால் ஒரு மேசன், இடப்பக்கம் சாய்ந்தால் இன்னொருவன். இடக்கைக்காரன் ஒருவன் அந்தக் கோபுரத்தில் வேலை செய்திருக்கிறான். எத்தனையோ நூறு வருடத்துக்கு முந்திய ஆள், அவன் எங்கே களைத்துப்போனான் என்றுகூட எனக்குத் தெரியும்.

நான்கைந்து தட்டில் சில கல்லின் ஒரு முகம் மட்டும் கண்ணாடி போல வழுவழுப்பாக இருந்தது. றொக்கோவுக்கு விளங்கவில்லை. அலங்காரமாக்கும் என்றார். நான் கையால் தடவினேன், சிரிப்பு வந்தது. அது மாடு உரஞ்சின கல். மாடு நின்று உடம்பைத் தேய்க்கும் உயரம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான். அந்தக் கல்லெல்லாம் உள்சுவரில் இடுப்பு உயரத்துக்குப் போனது. படிக்காதவன் கண்டுபிடித்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு வரியையும் முதலில் சாந்து இல்லாமல் புல்லில் அடுக்கினோம். றொக்கோ வரைபடத்தோடு சுற்றி வருவார். நான் ஒரு கல்லை மாற்றுவேன், அவர் திருப்பி மாற்றுவார். அருளப்பு ஒன்றும் சொல்லாமல் மூன்றாவது இடத்தில் வைப்பான், அது பொருந்தும். பிறகு சுண்ணாம்புச் சாந்தில் கட்டினோம். சீமெந்து பட்டால் அந்தக் கல் வெடிக்கும் என்று றொக்கோ ஒரு மூட்டையைக் கூடக் கிட்ட விடவில்லை. வாசல் ஒன்று மட்டும். குறுக்குச் சட்டம் செருகும் துளையோடு ஒரு கல் இருந்தது, அதை வைத்தே வாசலை முடித்தோம். நடுவில் நகரசபைப் பரிசோதகர் வந்து, வெளியேற இரண்டு வழி வேண்டும் என்றார். உள்ளே ஒருவரும் வராமல் இருக்கத்தான் இதைக் கட்டியது என்று றொக்கோ சொன்னார். கடைசியில் சிவப்பு 'எக்சிட்' விளக்கு ஒன்று பூட்டச் சம்மதித்துச் சமாளித்தோம். மாடுகள் ஒழுங்காக வெளியேற வேண்டுமல்லவா.

செப்டெம்பர் வந்தது. பலூன், மேடை, கூடாரம், இலவச ஹொட் டோக். ஆசிரியை மெலிந்த, உயரமான மனுசி. வெயிலிலும் மழைக்கோட்டு போட்டிருந்தார். கோட்டைக்காரன் கை நீட்டினான். அவர் அவனைத் தாண்டிப்போய்ச் சுவரில் கை வைத்தார். பிறகு டோர்ச் அடித்துக்கொண்டு தனியாக உள்ளே போனார். ஒரு மணித்தியாலம். நாங்கள் மூன்று பேரும் வாசலில் நின்றோம். இன்டர்வியூவுக்கு மூன்று கிழமைதான் இருந்தது. இந்த மனுசி ஒரு சொல் சொன்னால் றொக்கோவின் வேலை போகும், என் வேலை போகும். அருளப்புவுக்குப் போக வேலை இல்லை. ஆனால் றொக்கோ வாங்கித் தருவதாகச் சொல்லியிருந்த கடிதம் போகும். அவன் கழுத்திலிருந்த செபமாலையை வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டு நின்றான்.

வெளியே வந்தார். "எண்களை எப்போது கழுவினீர்கள்?"

றொக்கோ ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

"நான் கழுவினன்," என்று அருளப்பு தெரிந்த ஆங்கிலத்தில் முந்திக்கொண்டான்.

இந்தமுறை என் கையில் கயிறு இல்லை. "நான் சொல்லித்தான் கழுவினான்," என்றேன். "கட்ட முன்னரே. உங்கள் தாளை நான் வாசிக்கவில்லை. எனக்கு வாசிக்கத் தெரியாது."

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருட வேலை. கைக்குட்டையை எடுத்தார், ஆனால் கண்ணைத் துடைக்கவில்லை, மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

"பதினொரு கல் பிழை," என்றார் பிறகு. "அறுநூற்றில் பதினொன்று. எண் இல்லாமல் எப்படிச் செய்தீர்கள்?"

தடியைக் காட்டினேன். மாடு உரஞ்சினதைச் சொன்னேன். அதைக் கேட்டதும் எழும்பி உள்ளே ஓடினார். வழுவழுப்பை அவர் மழைநீர் வழிந்த தடம் என்று எழுதி வைத்திருந்தாராம். கல்லைச் சரியான இடத்தில் சொன்னவர், காரணத்தைத்தான் தவறவிட்டிருக்கிறார். பிறகு அருளப்பு தட்டுகளை வைத்த ஒழுங்கை அவனிடமே கேட்டார். அவன் கையால் காட்டினான். அவன் கையை அவர் வெகுநேரம் பார்த்தார். தோல் உரிந்து ஆறிய கை. அவன் சட்டைப் பையிலிருந்த இன்டர்வியூத் தாளை எடுத்து நான் நீட்டினேன்; அவர் அதை முழுவதும் வாசித்தார்.

கோட்டைக்காரன் மைக்கில் அவரைக் கூப்பிட்டான். பித்தளைப் பலகையின் திரையை விலக்கினார்கள். ஒவ்வொரு கல்லும் பழைய இடத்திலேயே இருக்கிறது என்று அதில் பொறித்திருந்தது. ஆசிரியை அதைச் சத்தமாக வாசித்தார். எங்களைப் பார்த்தார்.

"கிட்டத்தட்ட," என்றார்.

சனம் பகிடி என்று நினைத்துக் கைதட்டியது. கோட்டைக்காரனின் முப்பாட்டன்மாரைப் பற்றியும் அவர் ஒரு வார்த்தை சொன்னார். அந்தப் பெயர் பழைய நீதிமன்றப் பதிவில் உண்மையாகவே இருக்கிறதாம். கோபுரக்காரரின் மாட்டை ஓட்டிக்கொண்டு போன கூட்டத்தில். அவன் அதற்கும் சேர்த்துக் கைதட்டினான். சனத்தின் கைதட்டலில் அவனுக்கு அது கேட்டிருக்காது.

"இன்னொரு விஷயம்," என்றார் அவர். "விற்பனைப் பத்திரத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு நிபந்தனை இருக்கிறது. கல்லை ஒவ்வொன்றாக அறிந்த ஒருவரைக் கோபுரத்தின் பராமரிப்பாளராக நிரந்தரமாக வேலைக்கு வைக்க வேண்டும். இல்லாவிட்டால் கல் எங்கள் ஊருக்குத் திரும்பிவிடும்."

கோட்டைக்காரனின் முகத்தைப் பார்த்தேன். கடைசிப் பக்கத்தை அவன்தான் என்றைக்கு வாசித்தான்!

"இந்த அறுநூறு கல்லையும் தன் கையால் தூக்கி, புரட்டி, நான்கு பக்கமும் தொட்டுப் பார்த்த ஒருவர்தான் உலகத்தில் இருக்கிறார். நான்கூட அப்படித் தொட்டதில்லை," என்று அருளப்புவைக் காட்டினார்.

அத்தனை பேருக்கு முன்னால் கோட்டைக்காரன் வேறு என்ன செய்வான்? பல்லைக் காட்டி அருளப்புவின் கையைப் பிடித்துக் குலுக்கினான். ஆசிரியை கீழே இறங்கி வந்து, கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கும்வரை விமான நிலையத்துக்குப் போக மாட்டேன் என்று கூடாரத்துக்குள் கதிரை போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரு மணித்தியாலத்தில் கடிதம் வந்தது. கோபுரப் பராமரிப்பாளர், நிரந்தரம், கையெழுத்து, முத்திரை. பிழையான பதினொரு கல்லையும் அவருடைய வரைபடத்தில் குறித்துவிடட்டுமா என்று றொக்கோ கேட்டார். "வேண்டாம்," என்றார் ஆசிரியை. "என் படம் கோபுரம் இருந்த விதம். இது இருக்கிற விதம்." அதனால்தான் பிள்ளை, உன் படமும் சுவரும் ஒத்துவரவில்லை. அறிக்கையில் அந்த மனுசியின் பெயருக்கு ஒரு கீறலும் விழக்கூடாது.

இன்டர்வியூவில் அதிகாரி கடிதத்தை இரண்டு தரம் வாசித்தாராம். மன்னார்க் கடலில் நின்றவன் அஜக்ஸில் இங்கிலாந்துக் கோட்டைக்குக் காவல் என்றால், யாராக இருந்தாலும் இரண்டு தரம் வாசிக்கத்தான் வேண்டும். மேற்கொண்டு ஒரு கேள்வியும் அவர் கேட்கவில்லை.

அடுத்த வருடம் பனி கரைந்த பிறகு அருளப்புவின் மனைவியும் பிள்ளைகளும் வந்து இறங்கினார்கள். என் வானில்தான் ஏற்றிவந்தேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்து, கோபுரத்தைக் காட்டுவதற்கு எல்லோரையும் அஜக்ஸுக்குக் கூட்டிப்போனான். பிள்ளைகள் இரண்டும் அதைச் சுற்றி ஓடத் தொடங்கின. மனைவி சேலைத் தலைப்பால் காதை மூடிக்கொண்டு குளிரில் நின்று, கீழிருந்து மேல்வரை ஒருதரம் பார்த்தாள்.

"உதுக்குள்ள ஆர் இருக்கிறது?"

"ஒருத்தருமில்லை," என்றான் அருளப்பு.

"ஒருத்தருமில்லாத உதையோ எங்களை விட்டிட்டு வந்து இவ்வளவு நாளும் கட்டிக்கொண்டு நிண்டனீங்கள்?"

நான் வாயைத் திறந்தேன். கட்டியது யார், கல்லை இனங்கண்டது யார் என்று சொல்ல எனக்கு நிறைய இருந்தது. அருளப்பு என்னை முந்திவிட்டான்.

"கட்டினது அண்ணை. நான் கழுவினனான்," என்றான்.

அவள் கோபுரத்தை இன்னொருதரம் பார்த்தாள். சின்னவளைக் கூப்பிட்டு, ஓடி வழிந்த மூக்கைத் துடைத்துவிட்டாள்.

"நல்ல துப்புரவாத்தான் இருக்கு," என்றாள்.